புரட்டாசியில கோழித்தல வாங்கன பொண்ணு

கம்ப்யூட்டர்ல திட்டறவனுக்கு ஒரு வசதி இருக்குது. எச்சி தெறிக்காது. திட்டு வாங்கறவ மூஞ்சியும் தெரியாது. தெருக் கொழாயில நாங்க போடாத சண்டையா? கொடத்தத் தூக்கி அடிச்சிருக்கேன், கொடத்தால அடியும் வாங்கியிருக்கேன். ஆனா எதுக்க நிக்கறவ கண்ணு கலங்கிச்சின்னா நம்ம வாயி தானா மூடிக்கும். சாயங்காலம் அவ வூட்டு மீன்கொழம்பு நம்ம வூட்டுக்கு வந்துடும். கம்ப்யூட்டர்ல கொழம்பு வராது. அதான் அதுல திட்ட ஆரம்பிச்சவன் நிறுத்தவே மாட்டேங்கறான்.

நான் படிச்சது மூணாங்கிளாசு. அதுவும் முழுசா இல்ல. மாங்கா காச்சிச்சின்னா பள்ளிக்கூடம் போவ மாட்டேன். அதனால எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. சொல்ற சேதியில தப்பு இருந்தா நேரா வந்து கேளுங்க, பதிலு வெச்சிருக்கேன்.

எங்க வூடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில. வூட்டுக்காரரு மில்லுல வேல பாத்தவரு. மில்ல மூடிட்டாங்க, கொஞ்ச காலத்துல அவரும் போய்ச் சேந்துட்டாரு. புள்ள துபாயில. வூட்டுல நானும் மருமவளுந்தான். அவ ஒரு கவுருமெண்டு ஆபீசுல டைப்பு அடிக்கறா. புருசன் மூஞ்சியப் பாக்கணும்னு ஆசப்பட்டு கம்ப்யூட்டரு வாங்கி, போன் வயரு இழுத்து, நெட்டு போட்டா. கடசியில அதுல நாங்க அதிகமாப் பாத்தது ஆந்த மூஞ்சியத்தான். புள்ள கோச்சிக்கக் கூடாது, ரெண்டுக்கும் ஏறக்கொறைய ஒரே கண்ணு.

ஆந்த எப்படி வந்துச்சின்னா, அது காத்தாடி வுடற காலம். மொட்ட மாடியில காயப்போட்ட துணிய எடுக்கப் போனேன். வெள்ளத்துணி ஒண்ணு கீழ வுழுந்து கெடக்குதேன்னு குனிஞ்சா, துணி என்னப் பாத்து 'உஷ்ஷ்ஷ்'னு சீறுது. கூகை. மூஞ்சி அப்படியே வெத்தல மாதிரி, நடுவுல ரெண்டு கருப்புக் கண்ணு. மாஞ்சா நூலு ரெக்கைய அறுத்து ரத்தம் ஒழுவுது. மூடிக் கெடக்கற மில்லுக்குள்ள அதுங்க குடும்பம் நடத்தறது எங்க தெருவுக்கே தெரியும். ஆளுங்கள வெளிய அனுப்பனானுங்க, ஆந்தைங்க வேலைக்கு சேந்துடுச்சிங்க. அதுங்களுக்கு நைட்டு ஷிப்டுதான்.

பக்கத்து வூட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்சன் வாங்கறவரு, துப்பாக்கி புடிச்ச மனுசன், மதிலு மேல எட்டிப் பாத்தாரு. "அய்யய்யோ, சாக்குருவி! மொதல்ல அதத் தூக்கி அந்தாண்டப் போடு"ன்னு சொல்லி கதவ சாத்திக்கினாரு. எந்தச் சண்டையில இந்த மனுசன் ஜெயிச்சாருன்னு தெரியல.

நான் தூக்கிப் போடல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. எல்லாரும் தூக்கிப் போடுன்னு சொன்னதாலயா இருக்கலாம். மாட்டு டாக்டரு ஒருத்தரு, நல்ல மனுசன், தச்சி விட்டாரு. காட்டிலாகாவுல சொல்லி வெக்கணும்னாரு, சொன்னோம். அது சரியாகிப் பறந்து போற வரைக்கும் எங்க வூட்டு வாசப்படிய சொந்தக்காரங்க யாரும் மிதிக்கல. எங்க அக்கா பேத்தி வளைகாப்புக்கு எம் மருமவளுக்கு சேதியே சொல்லல. சாக்குருவி இருக்கற வூட்டுக் கை வளையல் போடக் கூடாதாம். அவ வாங்கி வெச்சிருந்த வளையல எடுத்துப் பொட்டியில வெச்சதப் பாத்தேன். அவகிட்ட, "நல்லதாப் போச்சி, காப்பித்தூளு மிச்சம்"னு சொன்னேன்.

அப்புறம் பாருங்க கூத்த. திட்டன வாயெல்லாம் எங்க பின்பக்கக் கதவத் தட்ட ஆரம்பிச்சிச்சி. அட்டப்பொட்டிய வெப்பாங்க, கதவத் தட்டுவாங்க, திரும்பிப் பாக்காம ஓடுவாங்க. தொறந்தா உள்ள ஒரு ஆந்த. பட்டாசுல சுட்டது, பையனுங்க கல்லால அடிச்சது, ராத்திரி லாரியில மோதனது. மறுநாளு தண்ணி புடிக்கற எடத்துல அதே ஆளு, "என்னா ஆயா, நல்லா இருக்கியா?"ன்னு ஒண்ணுந் தெரியாத மாதிரி கேப்பாங்க. "நல்லா இருக்கேன். உங்க வூட்டுப் புள்ளையும் நல்லா சாப்புடுது"ன்னுவேன். மூஞ்சி சுண்டிப் போவும்.

எம் மருமவ இதப் பாத்துட்டுத்தான் கம்ப்யூட்டர்ல ஒரு குரூப்பு ஆரம்பிச்சா. அடிபட்ட ஆந்தையப் பாத்தா என்னா செய்யறதுன்னு தெரியாதவங்க கேக்கலாம், தெரிஞ்சவங்க சொல்லலாம். மதுர, கோயமுத்தூரு, சிங்கப்பூருன்னு எங்கெங்க இருந்தோ ஆளு சேந்துச்சி. வேல முடிஞ்சி வந்ததும் அவ படிச்சிக் காட்டுவா, நான் முருங்கக்கீர ஆஞ்சிக்கினே பதிலு சொல்லுவேன். 'ஆயா சொல்றாங்க'ன்னு போட்டு அடிப்பா. நான் பத்து வார்த்த சொன்னா அவ ஒண்ணுதான் அடிப்பா. "மீதிய எங்கடி?"ன்னு கேட்டா, "அதெல்லாம் தெருக் கொழாயோட நிக்கட்டும் அத்தே"ன்னுவா.

அந்தக் குரூப்புல பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில வேல பாக்கற ஒருத்தன் இருந்தான். கேமரான்னா கேமரா, நம்ம வூட்டுத் தண்ணி டிரம்மு மாதிரி மூக்கு நீண்டுக்கினு இருக்கும். நல்லாத்தான் படம் புடிப்பான், நல்லா வெவரமும் தெரியும். ஆனா யாரு எது சொன்னாலும் 'தப்பு'ன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பான். காலையில வணக்கம் சொன்னாக்கூட 'தப்பு, மணி பன்னண்டு ஆயிடுச்சி'ன்னு சொல்ற ரகம். நான் அவன கேமராக்காரன்னு கூப்புடுவேன்.

புரட்டாசி மாசம். தவளக்குப்பத்துல இருந்து ஒரு பொண்ணு குரூப்புல வந்து எழுதியிருந்துச்சி. கல்யாணம் ஆயி வந்த பொண்ணு, வெவசாயக் குடும்பம். நெட்டுக் கடையில ஒக்காந்து எழுதியிருக்குது. "எங்க மாட்டுக் கொட்டாயில ஆந்த வுழுந்து கெடந்துச்சி. ரெக்கையில ரத்தம். மஞ்சளையும் தேங்காண்ணையையும் கொழச்சித் தடவி, துணியால இறுக்கிக் கட்டியிருக்கேன். பாலுஞ்சோறும் வெச்சேன், தொட மாட்டேங்குது. வூட்டுல யாருக்கும் தெரியாது. என்னா செய்யணும், சீக்கிரம் சொல்லுங்க." கூட செல்போன்ல புடிச்ச ஒரு படம். கோழி கவுக்கற பஞ்சாரக் கூடைக்குள்ள கூகை, எண்ணத் தலையோட பொண்ணு பாக்கப் போற மாப்ள மாதிரி மினுமினுன்னு ஒக்காந்திருக்குது.

ஆமாம், தப்புதான். எண்ண பட்டா எறகு ஒட்டிக்கும், பறக்க முடியாது. பாலு ஆவாது. இறுக்கிக் கட்டனா ரெக்க செத்துடும். ஆனா அந்தப் பொண்ணு என்னா செஞ்சிருக்குது? அது வூட்டுல ஒரு கொழந்த வுழுந்து அடிபட்டா என்னா செய்வாங்களோ அதத்தான் செஞ்சிருக்குது. நம்ம பக்கத்துல எல்லாரும் செய்யறதுதான. எங்கம்மா எனக்கு செஞ்சதும் அதான்.

எம் மருமவ ஆபீசுல இருந்தா. அவ வந்து தொறக்கறதுக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சி போச்சி. கேமராக்காரன்தான் மொதல்ல ஆரம்பிச்சிருக்கான். 'நீயெல்லாம் ஒரு பொம்பளையா, கொலைகாரி, எண்ணெயத் தடவிக் கொன்னுட்டியே.' அதுக்கப்புறம் ஒவ்வொருத்தனா. படிக்காத கூட்டம்னு ஒருத்தன். காட்டுப் பறவைய வூட்டுல வெச்சா ஜெயிலு, வனச் சட்டம் தெரியுமான்னு ஒருத்தன். யாராச்சும் இவ மேல புகார் குடுங்கன்னு இன்னொருத்தி. அத்தன வசவுக்கு நடுவுல, சாணியில கெடக்கற தங்கத்தோடு மாதிரி, ஒரே ஒரு உருப்படியான வார்த்த. 'பாலு குடுக்காத, பச்சக் கோழி, எலும்போட குடு.' அதுவும் கேமராக்காரன் சொன்னதுதான். வெவரம் தெரிஞ்சவன்னு சொன்னேனே.

எம் மருமவ அவசர அவசரமா பதிலு அடிக்கப் போறா, பொண்ணு எழுதனது காணோம். படம் காணோம். அதோட பேரே குரூப்புல காணோம். அழிச்சிட்டுப் போயிடுச்சி. திட்டனவங்க எழுதனது மட்டுந்தான் மிச்சம்.

எனக்கு வந்த கோவத்த என்னான்னு சொல்ல. ஏண்டா, உங்களுக்குப் பறவ மேல அக்கறையா? அந்தப் பறவ எங்கடா இருக்குது? உங்க பெங்களூர்லயா இருக்குது? அந்தப் பொண்ணு கையில இருக்குது! அவளத் தொரத்துனா பறவையும் சேந்துதானடா போவும்! ஜெயிலுன்னு சொல்லிட்டீங்க, பயந்துபோயி ராத்திரியோட ராத்திரியா கொண்டுபோயி எங்கனா முள்ளுல போட்டுட்டா நாயி தின்னும், காக்கா கொத்தும். அப்புறம் யாருடா கொலகாரன்? இத அப்படியே அடின்னு மருமவகிட்ட சொன்னேன். இன்னும் கொஞ்சம் சேத்தும் சொன்னேன். அவ அடிச்சது: 'ஆயா வருத்தமா இருக்காங்க.'

"வருத்தமா? எனக்கா?"

"அத்தே, இவங்கள அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பொண்ண எப்படிக் கண்டுபுடிக்கறது?"

அதுவும் சரிதான். ஆனா அவளுக்கு லீவு கெடச்சது நாலு நாளு கழிச்சி, ஞாயித்துக்கெழமதான். கடலூரு பஸ்ஸுல ஏறி தவளக்குப்பத்துல எறங்கனோம். சொந்தப் பேரு தெரியாது, தெரு தெரியாது. தெரிஞ்சது மாட்டுக் கொட்டாயும் பஞ்சாரக் கூடையும். தவளக்குப்பத்துல அது இல்லாத வூடு எது?

நான் நேரா போயி மார்க்கெட்டு முக்குல டீக்கடையில கேட்டேன். "இங்க யாரு வூட்டுலப்பா ஆந்த இருக்குது?" டீ ஆத்திக்கினு இருந்தவன் கை நின்னுபோச்சி. பெஞ்சுல ஒக்காந்திருந்த பெரியவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு எழுந்துட்டாரு. "காலங்காத்தால, அதுவும் புரட்டாசியில, என்னா பேச்சு இது? எங்கூருல அதெல்லாம் கெடையாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இன்னொரு வூட்டுல கேட்டா, கதவு பின்னாடி இருந்து ஒரு பொம்பள தூன்னு துப்புது. எம் மேல இல்ல, பக்கத்துல. எம் மருமவ தலையில அடிச்சிக்கினா. "அத்தே, உங்க வூட்டுல கெட்டது இருக்குதான்னு கேட்டா யாரு ஆமாம்னு சொல்லுவாங்க?"

அங்கதான் எனக்கு ஒண்ணு தோணிச்சி. அந்தப் பொண்ணு பறவைய இன்னும் தூக்கிப் போடலன்னா, அதுக்குத் தீனி போட்டுக்கினு இருக்கணும். என்னா போடுவா? திட்டனவன் சொன்னதத்தான். பச்சக் கோழி. இது புரட்டாசி மாசம். பெருமாளுக்கு வெரதம் இருக்கற ஊரு. கறிக்கடைக்காரன் ஈ ஓட்டிக்கினு இருப்பான். இந்த மாசத்துல வெரதம் இருக்கற வூட்டுல இருந்து ஒருத்தி வந்து கோழி வாங்கனா, அவனுக்குத் தெரியாமப் போவுமா?

கறிக்கடைக்காரன் அட்டைய வெச்சி விசிறிக்கினு இருந்தான். கூண்டுல கோழியெல்லாம் சந்தோசமா இருந்துச்சி, அதுங்களுக்கு புரட்டாசின்னா தீவாளி. "அர கிலோ குடுப்பா"ன்னு பேச்ச ஆரம்பிச்சேன். "என்னாப்பா, யாவாரமே இல்லையா?"

"எங்க ஆயா. நாமம் போட்டவன் நம்மளப் பாத்தாலே அந்தாண்ட ஒதுங்கிப் போறான்."

"ஒருத்தர் கூடவா வரல?"

அவன் சுத்துமுத்தும் பாத்துட்டு சிரிச்சான். "ஒரு பொண்ணு வருது. கோழித்தல, கழுத்து, அவ்ளோதான் கேக்கும். முந்தானையில சுத்திக்கினு ஓடும். நாய்க்குன்னு சொல்லுது. அவங்க வூட்டுல நாயே கெடையாது. வெரதத்துல வாய் கட்ட முடியல போல இருக்குது, பாவம். யார் கிட்டயும் சொல்லிடாத ஆயா."

"நான் ஏம்ப்பா சொல்றேன்? எந்தத் தெரு?"

எம் மருமவ மூஞ்சியப் பாத்தேன், கண்ணுல தண்ணி. எனக்கும் ஒரு மாதிரி ஆயிப்போச்சி. கொலகாரின்னு சொன்னவன் வாயில இருந்துகூட பறவைக்கு ஆவறத மட்டும் பொறுக்கி எடுத்துக்கினு போயிருக்குது அந்தப் பொண்ணு. கறிக்கடைக்காரன் 'வெரதத்துல திருட்டுத்தனமா கோழி தின்றா'ன்னு சிரிக்கறது தெரிஞ்சுமே தெனம் கடைக்கு வந்திருக்குது.

வூட்டு வாசல்ல மாமியாரு மொளகா காய வெச்சிக்கினு இருந்தா. கனமான பொம்பள. நெத்தியில நாமம். "யாரும்மா நீங்க?"

"எம் மருமவளும் உங்க மருமவளும் கம்ப்யூட்டர் கிளாசுல பழக்கம். இந்தப் பக்கமா வந்தோம், பாத்துட்டுப் போலாம்னு."

உள்ள இருந்து அந்தப் பொண்ணு வந்துச்சி. ஒல்லியா, தாலிக் கயிறு இன்னும் மஞ்சளாவே இருக்குது. எம் மருமவ மெதுவா, "குரூப்புல இருந்து வரோம்"னு சொன்னா. பொண்ணு மூஞ்சி வெளுத்துப்போச்சி. கையெடுத்துக் கும்புட்டுது. "நான் வேணும்னு செய்யலங்க. எனக்குத் தெரியாதுங்க. போலீசு வந்திருக்குதா?"

கேமராக்காரன் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா, அன்னிக்கு என்னத்தான் ஜெயில்ல போட்டிருப்பாங்க. "சாப்ட்டியாம்மா?"ன்னு கேட்டேன். வேற எதுவும் தோணல.

அது ஓன்னு அழுவ ஆரம்பிச்சிடுச்சி. சாப்புடலையாம். அன்னிக்கு மட்டுமில்ல, கோழித்தல தொட்ட நாள்ல இருந்து பகல்ல சாப்புடறதே இல்லையாம். வெரத மாசத்துல கறியத் தொட்டுட்டோமேன்னு, பெருமாளுக்குத் தண்டம் கட்டற மாதிரி, ராத்திரி மட்டும் ஒரு வாய் சாப்புட்டுக்கினு இருந்திருக்குது. பெருமாளுகிட்டயே ஒரு கருடன் இருக்குது, அதுவும் பறவதான், அவரு ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாருன்னு சொன்னேன். அழுவையிலயே சிரிச்சிடுச்சி.

கொட்டாயிக்குப் போனோம். பஞ்சாரக் கூடைக்குள்ள மூலையில ஒண்டிக்கினு இருந்துச்சி. மெலிஞ்சிருந்துச்சி, ஆனா சீறுச்சி. சீறற ஆந்த பொழச்சிக்கும். எம் மருமவ கட்ட அவுத்தா. நல்லவேள, ரெக்க கருக்கல. அட்டப்பொட்டியில மெத்துன்னு துணி போட்டு உள்ள வுட்டு, பொட்டியப் பைக்குள்ள எறக்கனோம்.

இனிமே மாமியாரத் தாண்டிப் போவணும். நான் ஏதோ பொய்யத் தயார் பண்ணிக்கினு வரேன், அந்தம்மா எங்களப் பாக்கவே இல்ல. மொளகா பக்கம் திரும்பி ஒக்காந்துக்கினு சொல்றா. "மாடு கொட்டாயிக்குள்ள போவ மாட்டேன்னு மல்லுக்கட்டுது, எனக்குத் தெரியாதா? வாய் தொறந்து சொல்லிட்டா சாக்குருவி வூட்டுக்குள்ள வந்ததா ஆயிடும். சொல்லலன்னா வரல. நான் ஒண்ணும் பாக்கல. சீக்கிரம் போங்க."

அத்தன பேரு படிச்சவங்க கூடிக்கூடித் திட்டுனாங்க. இந்தம்மா மூச்சு விடல. யாரு பறவையக் காப்பாத்துனதுன்னு நீங்களே சொல்லுங்க.

பஸ்ஸுல நல்ல கூட்டம். பைக்குள்ள இருந்து 'உஷ்ஷ்ஷ்'. பக்கத்துல நின்னவன் கால இழுத்துக்கினான். "என்னா ஆயா, பையில பாம்பா?"

"இல்லப்பா, எம் மருமவளுக்கு மூச்சிரைப்பு."

எம் மருமவ என்னப் பாத்த பார்வையில நான் பஸ்மமா ஆயிருக்கணும். மறுபடியும் 'உஷ்ஷ்ஷ்'. வேற வழியில்லாம அவளும் நெஞ்சப் புடிச்சிக்கினு இழுத்து இழுத்து மூச்சு வுட்டா. ஒரு நல்ல மனுசன் எழுந்து சீட்டு குடுத்தான். அந்த சீட்டுல நான் ஒக்காந்துக்கினேன். புதுச்சேரி வர்ற வரைக்கும் அவ நின்னுக்கினே இரைச்சிக்கினு வந்தா.

மாட்டு டாக்டரு பாத்தாரு. எலும்பு ஒடையல. எண்ணையத்தான் எடுக்கணும். வெதுவெதுப்பா தண்ணியில பாத்திரம் கழுவற சோப்பக் கரைச்சி, அவரு சொல்லச் சொல்ல கொஞ்சங் கொஞ்சமா அலசனோம். அது கடிக்க, நான் திட்ட, மருமவ ரெண்டு பேரையும் அதட்ட. நனைஞ்ச ஆந்தையப் பாத்திருக்கீங்களா? மழையில மாட்டுன வக்கீலு மாதிரி இருக்கும். தவளக்குப்பத்துப் பொண்ணு லீவு நாள்ல எல்லாம் வந்துடும், முந்தானைக்குள்ள கோழித்தலையோட. புரட்டாசி முடிஞ்ச பொறவும் மறைச்சேதான் கொண்டாரும், பழக்கம்.

குரூப்புல ஒரு சட்டம் போடுன்னு மருமவகிட்ட சொன்னேன். 'அடிபட்ட பறவ அட்டப்பொட்டிக்குள்ள பத்திரமா போய்ச் சேர வரைக்கும் யாரும் யாரையும் திட்டக் கூடாது. வந்து கேக்கறவங்களுக்கு மொதல் பதிலு: பயப்படாதீங்க, சாப்ட்டீங்களா?' கை நடுங்கறவ பறவையக் கீழ போட்டுடுவா, அதான். இத மட்டும் அவ ஒரு வார்த்த கொறைக்காம அடிச்சா. செல பேரு இது பறவ குரூப்பா, சாப்பாட்டு குரூப்பான்னு கேலி பண்ணிட்டு வெளிய போயிட்டாங்க. போவட்டும், காப்பித்தூளு மிச்சம். கேமராக்காரன் போவல. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பொங்கல் போனதுக்கப்புறம், மாடி ரூம்புல சொவத்துக்கு சொவரு பறந்து பழகிடுச்சின்னு தெரிஞ்சதும், எடுத்த எடத்துலயே வுடணும்னு தவளக்குப்பத்துக்கே கொண்டு போனோம். பொழுது சாயற நேரம். தென்னந்தோப்பு ஓரமா அந்தப் பொண்ணுதான் பொட்டியத் தொறந்துச்சி. கூகை வெளிய வந்து, எங்க எல்லாரையும் ஒரு தரம் மொறச்சிச்சி. கொஞ்சம் ஒரு பக்கமா சாஞ்சாப்புலதான், ஆனா சத்தமே இல்லாம எழும்பிப் போச்சி. மாமியாரு கொட்டா பக்கம் சொவத்தப் பாத்து திரும்பி நின்னுக்கினு இருந்தா. திரும்பாமலே கேட்டா. "எந்தப் பக்கம் போச்சி?"

"வய பக்கம், அத்தே."

"நான் ஒண்ணும் பாக்கல"ன்னா. ஆனா அவ்ளோ நேரம் புடிச்சி வெச்சிருந்த மூச்ச வுட்டது எனக்குக் கேட்டுச்சி.

அந்தப் பொண்ணே குரூப்புல திரும்ப சேந்து, படத்தப் போட்டு, 'எங்க ஆந்த பறந்துடுச்சி'ன்னு எழுதிச்சி. எல்லாரும் சந்தோசமா எழுதறாங்க. நடுவுல கேமராக்காரன். 'தப்பு. வலது ரெக்க எறகு இன்னும் சரியா வரல. இன்னும் ஒரு மாசம் வெச்சிருக்கணும். யாரு இந்த முடிவ எடுத்தது?'

மன்னிப்புக் கேட்டானா? இல்ல. கொலகாரின்னு சொன்னது நெனப்பு இருக்குதா? இல்ல. எனக்கு உச்சி மண்ட கொதிச்சிச்சி. முருங்கக்கீரைய அப்படியே முறத்தோட கீழ வெச்சிட்டு, "அடிடி, நான் சொல்றேன்"னேன். கொழாயடியில நாப்பது வருசமா சேத்து வெச்சதெல்லாம் வாயில வந்து நிக்குது.

அவ கையக் கட்டிக்கினா. "அத்தே, சட்டம் யாரு போட்டது?"

"அது அடிபட்ட பறவைய வெச்சிக்கினு வர்றவங்களுக்கு. இவன் கிட்ட என்னா பறவ இருக்குது?"

"மொதல் பதிலு என்னான்னு நீங்கதான் சொன்னீங்க."

எம் மருமவ எமனுக்கு அக்கா. சரின்னு பல்லக் கடிச்சிக்கினு, "சாப்ட்டியாப்பா?"ன்னு அடின்னேன். அதுல நான் எவ்ளோ வெஷம் வெச்சிருந்தேன்னு எனக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர்ல எச்சியும் தெறிக்காது, வெஷமும் தெரியாது போல இருக்குது. அந்தப் பாவி உடனே பதிலு போட்டான். 'இல்ல ஆயா. வேல முடியவே நேரம் ஆயிடுச்சி. மெஸ்ஸ மூடிட்டாங்க. பிஸ்கட்டு இருக்குது.' அப்புறம் அவனே, கேக்காமலே, எழுதறான் எழுதறான். அந்த மெஸ்ஸுல கொழம்பு தண்ணியா இருக்குமாம். ரூம்புல தனியாத்தான் இருக்கானாம். யாரும் அவன சாப்ட்டியான்னு கேட்டு ரொம்ப நாளாச்சாம்.

எனக்கு இன்னும் எரிச்சலு. ஏண்டா, நிம்மதியாக் கோவப்படக்கூட வுட மாட்டீங்களாடா?

அதுக்குள்ள தவளக்குப்பத்துப் பொண்ணு பதிலு போட்டுடுச்சி. 'அண்ணா, ஸ்டவ்வு இருக்குதா? ரசம் வெக்க சொல்லித் தரேன். ஈசிதான்.' எந்த வாயி அவளக் கொலகாரின்னு சொல்லிச்சோ, அந்த வாயிக்கு ரசம்! புளிய எவ்ளோ ஊற வெக்கணும்னு அவ எழுதறா. கேமராக்காரன், வாழ்க்கையில மொத தரமா, தப்புன்னு சொல்லல.

இன்னிய வரைக்கும் அவன் மன்னிப்புக் கேக்கல. அந்தப் பொண்ணு மறந்துடுச்சி, நான் மறக்கல. மருமவ ஆபீசுல இருந்து வந்து கம்ப்யூட்டரப் போட்டதும் மொத வேலையா அவனுக்கு ஒரு வரி அடிக்கச் சொல்லுவேன். "சாப்ட்டியாப்பா?" குரூப்புல எல்லாரும் ஆயாவுக்கு என்னா பெரிய மனசுன்னு எழுதறாங்க. மனசாவது மண்ணாவது. என்னிக்காவது ஒரு நாளு, வாயில சோத்தோட இருக்கறப்ப, அவனுக்கு வெக்கம் வந்து பொரையேறணும். அதுக்குத்தான் கேக்கறேன்.